உன் வரியில் இருந்த பூஜ்யம்

உன் தம்பி நேற்று மத்தியானம் ஆபீசுக்கு வந்திருந்தான். முதலியார்பேட்டை வீட்டில் மராமத்து வேலை நடக்கிறதாம். பீரோவை நகர்த்தும்போது உன் புடவைகளுக்கு அடியில் கிடைத்தது என்று சொல்லி, தலையணை உறையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தான். "இது உங்க ஆபீஸ்துன்னு நெனக்கிறேன்க்கா" என்றான். பிரிக்கும்போதே அந்துருண்டை வாசனை. உள்ளே நம்முடைய கறுப்பு ஹார்ட் டிஸ்க். அதன்மேல் ஒரு தாள் ஒட்டி உன் கையெழுத்தில் எழுதியிருந்தாய்: 'அவ மாத்துறதுக்கு முன்னாடி.'

அவ என்றால் நான்தான். தேதி போடுகிற இடத்தில் என்னைப் போட்டிருக்கிறாய். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

உன் தம்பி டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். நான் அந்த டிஸ்க்கைத் தொடாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக என்னை அரிக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பத்தொன்பது நாளில் உனக்கு மூன்று மெசேஜ் அனுப்பினேன். மூன்றையும் நீ திறக்கவில்லை. என்மேல் இருந்த கோபத்தில் மெசேஜ் வந்தால் அடிக்கிற மணியை நீயே நிறுத்தி வைத்தாயா, இல்லை வந்த சத்தமே உனக்குக் கேட்கவில்லையா? யாரிடம் போய்க் கேட்பது? பதில் இந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. அதனால்தான் பயமாக இருந்தது. திறப்பதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். கேட்டுக்கொள்.

ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாம் ஏழு பேர். இப்போது ஆறு. உன் இடத்துக்கு சார் ஆள் எடுக்கவில்லை. நாமிருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உன் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். என் அப்பா வில்லியனூர்ப் பக்கம் நெல் போடுகிறவர். நாம் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறோம் என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு தடவை உன் அம்மா கேட்டதற்கு, "ஜனங்க சொல்றத எழுதி வைக்கிற வேலம்மா" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டேட்டாபேஸ் டிசைன் செய்கிறவள் சொல்கிற பதிலா அது என்று அன்றைக்கு முழுக்க உன்னை ஓட்டினேன்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்காக அந்த ஆப்பைச் செய்யும்போதுதான் எல்லாம் ஆரம்பித்தது. படகு கரைக்கு வருகிறது, இன்ன மீன், இத்தனை கூடை, ஏலம் இத்தனை மணிக்கு என்று வாங்குகிறவர்கள் போனுக்குச் செய்தி போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி செட்டிங். எந்த மொழி, எழுத்து பெரிசா சின்னதா, செய்தி வந்தால் மணி அடிக்கணுமா வேண்டாமா. இதையெல்லாம் எந்த டேபிளில் எப்படி வைப்பது என்று யோசிக்கிற வேலை நம் இரண்டு பேர் தலையில் விழுந்தது. நாமே நம் ஆப்பில்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று சார் வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபீஸ் பேச்சு மொத்தமும் மீன் செய்திக்கு நடுவில் ஓடியது. எனக்கு "டிபன் கொண்டு வரல, எனக்கும் சேத்து வை" என்று நீ அனுப்பியதற்கு மேலே வஞ்சிரம் பதினெட்டுக் கூடை என்று இருக்கும்.

என் டிசைன் சுலபம். ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் மொழிக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு கட்டம். கணக்கு ஆரம்பித்த அன்றைக்கே எல்லாக் கட்டத்தையும் நாமே நிரப்பிவிடுவது. வேண்டுமென்றால் அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்து வைத்திருப்பாயே, அதன் பின்பக்கம்தான் உனக்கு நோட்டு. சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள்களைச் சீட்டாட்டம் மாதிரி பரப்பினாய். "ஒரு தாளுக்கு ஒரு விஷயம்டி. ஆள் யாரு, எத மாத்துனாரு, என்னான்னு மாத்துனாரு. மூணே கட்டம். எதையும் மாத்தாதவருக்குத் தாளே கிடையாது."

"தாள் இல்லாதவருக்கு மணி அடிக்குமா அடிக்காதா?"

"அடிக்கும். அது நாம நெனச்சு வச்சிக்கறது. ஆப் ஓடும்போது அப்படி எடுத்துக்கும். ஆனா அத அவர் பேர்ல எழுதி வைக்கக் கூடாது. எழுதிட்டா நாளைக்கு அவங்க சொன்னது எது, நாம சொன்னது எதுன்னு பிரிக்கவே முடியாது."

"யாருடி அதப் பிரிச்சுப் பாக்கப் போறா?" என்று நான் கேட்டேன்.

நீ என் டிபன் மூடியிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டாய். விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீ மறுநாள் காலை பஸ்ஸில் ஏறித் துறைமுகத்துக்குப் போகலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

அன்றைக்கு நான் பட்ட அவமானம் மறக்காது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை யாருக்கும் மணி அடிக்கக் கூடாது, பாவம் தூங்குவார்கள் என்று நான் ஒரு டீஃபால்ட் போட்டு வைத்திருந்தேன். ஆள் எதுவும் சொல்லாவிட்டால் ஆப் தானாக எடுத்துக்கொள்வதுதானே டீஃபால்ட். அதைப் பெருமையாக அங்கே ஒரு அம்மாவிடம் விளக்கினேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் எப்படிம்மா எழுந்திருக்கறது? விடியறதுக்குள்ள படகு வந்துடும். அந்த நேரத்துல மணி அடிச்சாத்தான் எனக்குப் பொழப்பே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. மெதுவாக என் காதில், "பாத்தியா, இது நீ நெனச்சது. அது அவங்க சொன்னது" என்றாய்.

அன்றைக்கே ஏலம் விடுகிற ஒருவர் வந்து, "எனக்கு மட்டும் மணி வேணாம்மா. வீட்டுல கைக்குழந்த இருக்கு, தூக்கிவாரிப் போட்டுடும். நானே போனை எடுத்துப் பாத்துக்கறேன்" என்றார். நீ ஒரு காலண்டர் தாளை உருவி அவர் எதிரிலேயே எழுதி அவரிடமே படித்துக் காட்டினாய். அவர் தலையாட்டின பிறகுதான் ரப்பர் பேண்டுக்குள் செருகினாய். ஏதோ பத்திரப் பதிவு மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் உன் டிசைனே இருக்கட்டும் என்று அன்று விட்டுக்கொடுத்தேன்.

பிரெஞ்சு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்த மடல் முடியாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை நம் ஊரில் சொல்தா என்போமே, அப்படி ஒரு பெரியவர் மச்சானின் படகில் பங்கு வைத்திருந்தார். பேசுவதெல்லாம் நம் தமிழ்தான். படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஆப்பில் பிரெஞ்சும் வேண்டும் என்று நீ சொன்னபோது சார், "மீன் ஏலத்துக்கு பிரெஞ்சா?" என்று கேட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நீ நாலு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு திரைக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாய்.

"செட்டிங் மாத்தி முடிச்சதும் என்னா காட்டணும்னு கேட்டேன்டி. மெர்சின்னு போடும்மாங்கறாரு. ஒருத்தர் மெனக்கெட்டு தனக்கு இன்னது வேணும்னு சொல்றாரு இல்ல, அவருக்கு நன்றி சொல்றதுதான் மரியாதையாம்."

தமிழ்த் திரையில் நாம் 'சேமிக்கப்பட்டது' என்று மொட்டையாகப் போட்டிருந்தோம். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையும் மெர்சிதான், அதையும் நீ போட்டுவிட்டாய் என்று கேலி செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து சார் கணக்கெடுத்துப் பார்த்தார். பிரெஞ்சு வைத்திருந்தது ஒரே ஒருவர். ஒருத்தருக்காக இத்தனை திரையைக் கட்டி இழுக்க முடியாது, எடுத்துவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் எடுக்கலாம் என்று திறந்தால் இரண்டு பேர் இருந்தார்கள். "இன்னொருத்தரும் சொல்லிட்டாரு சார், இப்ப எடுத்தா நல்லாருக்காது" என்று முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாய். யாரோ சொல்தா வீட்டுச் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சண்டை. துறைமுகத்தில் ஆட்கள் கூடக்கூட செட்டிங் பக்கம் திறக்க நேரம் எடுத்தது. எத்தனை பேருக்கு மணி அடிக்கிறது, எத்தனை பேருக்கு அடிக்கவில்லை என்று சார் ரிப்போர்ட் கேட்டார். தாளே இல்லாதவர்களை எண்ணுவது உன் டிசைனில் சுற்றி வளைத்த வேலை. நான் முதலில் சொன்ன டிசைனுக்கே மாற்றிவிடலாம் என்றேன். கூடாது என்றாய்.

"ஒண்ணும் சொல்லாதவங்க வாயில நாம வார்த்தையப் போடறோம்டி."

"உனக்கு யோசிக்கத்தான் தெரியும். வேலைய முடிக்கத் தெரியாது" என்றேன். சார் காதில் விழுகிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

அந்த மாதம் முழுக்க நீ சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தாய். மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கையில் நீலம் நீலமாக இருந்ததைக் கேட்டதற்கு, மேசையில் இடித்துக்கொண்டேன் என்றாய். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். நம்பிவிட்டேன். எந்த மேசைடி ஒருத்தியை இத்தனை இடத்தில் இடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு டேபிள்தான் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை லீவு, ரத்தம் டெஸ்ட் எடுக்கணும் என்றாய். வாசல்வரை போய்த் திரும்பி, "மாத்துறதா இருந்தா தொடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்கோ" என்றாய்.

"எனக்குத் தெரியும். நீ கெளம்பு" என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். உன்னிடம் நான் வாயால் பேசிய கடைசி வார்த்தை அது.

செவ்வாய்க்கிழமை மாற்றினேன். காப்பி எடுக்கவில்லை. உன் டேபிளில் இருந்ததை எல்லாம் என் டேபிளுக்கு ஏற்றி, கையோடு உன் டேபிளை அழித்தேன். மொத்தமாகப் பத்து நிமிஷ வேலை. அப்போது என் முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்திருக்கும், சொல்வதற்கென்ன.

புதிதாகக் கட்டம் போட்டால், அதில் நாம் ஒன்றும் எழுதாவிட்டால் பூஜ்யம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மணிக் கட்டத்தில் பூஜ்யம் என்றால் அடிக்காது என்று அர்த்தம். மணியைப் பற்றி எதுவும் சொல்லாதவர்களுக்கு எல்லாம் ஒன்று போட வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. புதன்கிழமை விடியற்காலை தேங்காய்த்திட்டில் ஒரு போனும் மணி அடிக்கவில்லை. காலையில் ஆபீசைத் திறப்பதற்குள் ஜெராக்ஸ் கடை வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். கூடை கழுவின அந்த அம்மாவும் நின்றார். என்னைத் திட்டவில்லை. தூங்கிட்டேம்மா என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

சர்வரில் தினம் ஒரு பேக்கப்தான் இருக்கும், அடுத்தது வந்தால் முந்தையது போய்விடும். அது அதற்குள் போய்விட்டிருந்தது. உன் டிஸ்க்கைத் தேடினேன், டிராயரில் இல்லை. வேறு வழியில்லாமல் துறைமுகத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே அடியாக மணியைப் போட்டுவிட்டேன். ஆபீஸ் ஆட்கள் அவரவர் போனில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் அந்த ஏலக்காரர் வந்தார். "வேணாம்னு சொன்னேனே, அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டு எனக்குப் படிச்சுக்கூடக் காமிச்சிச்சே. யாரு திருப்பிப் போட்டது?" என்றார். பிறகு சுற்றிப் பார்த்து, "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டார். லீவு என்றேன்.

ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னேன் இல்லையா. நீ ஆபீசில் இல்லை. உன் போனில் யார் போடுவார்கள்? அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

நேராகப் போன் பண்ண எனக்கு மூஞ்சி இல்லை. ஆப்பில் எழுதினால் ஆபீஸ் வேலை மாதிரி இருக்கும், தோற்றுப்போனது தெரியாது என்று ஒரு கணக்கு. முதல் மெசேஜ்: 'டிஸ்க் எங்க வச்ச?' நீ படிக்கவில்லை. நாலு நாள் கழித்து இரண்டாவது: 'டெஸ்ட் ரிசல்ட் என்னாச்சு? லீவ நீட்டிச்சிட்டியாமே.' படிக்கவில்லை. எனக்கும் வீம்பு ஏறியது. இவளுக்கு இவ்வளவு திமிரா என்று நினைத்தேன். உன் வீட்டுக்கு ஆபீசிலிருந்து நடந்தே போகலாம், பத்து நிமிஷம். தினம் சாயங்காலம் உன் தெரு முனையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். திரும்பவில்லை. மூன்றாவது மெசேஜை எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆனது. 'நீ சொன்னதுதான் சரி. நான் பண்ணது தப்பு. வந்து பழையபடி மாத்துடி.' அதையும் நீ திறக்காதபோது, இதுதான் உன் பதில் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு ஐந்தாவது நாள் உன் தம்பி சாருக்குப் போன் பண்ணி, நீ போய்விட்டதைச் சொன்னான். ரத்தத்தில் ஏதோ வியாதி, வந்ததே தெரியாமல் முற்றிவிட்டது என்றான். நாங்கள் ஆறு பேரும் வந்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் பக்கத்துல ஒக்காருவியா" என்று கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து டேபிளில் உன் வரியைத் தேடி எடுத்தேன். மொழி: பிரெஞ்சு. அந்த இரண்டாவது ஆள் நீயா என்று அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு எழுத்து தெரியாமல், அந்தப் பெரியவர் தனியாகிவிடக் கூடாது என்று நீயே மாற்றிக்கொண்டிருக்கிறாய். அப்படியே அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். மணி: பூஜ்யம்.

நீ போட்ட பூஜ்யமா, நான் மறந்த பூஜ்யமா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அவங்க சொன்னது எது, நாம சொன்னது எதுன்னு யாருடி பிரிச்சுப் பாக்கப் போறா என்று கேட்டேன் அல்லவா, நானேதான் அந்த ஆள். மூன்று வருடம் அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நாள் நீ என்னை மன்னிக்காமல் போனாய் என்று தோன்றும், அழுவேன். சில நாள் அப்படியே இருக்கட்டும், நீ கோபப்பட்டதில் தப்பில்லை என்று தோன்றும். உண்மையில் அதுவே எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டு இன்று காலையில் டிஸ்க்கைச் செருகினேன். ஓடாது என்று நினைத்தேன். ஓடியது. உன் டேபிள் அப்படியே இருக்கிறது, மூன்று கட்டத்தோடு. ஏலக்காரரின் வரி இருக்கிறது: மணி, வேண்டாம். சொல்தா பெரியவரின் வரி இருக்கிறது. உன் பேரைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. மொழி, பிரெஞ்சு. மணி என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. சரியாகத்தான் தேடினேனா என்று இன்னும் இரண்டு முறை தேடினேன். உன் பேரில் மணிக்கு வரியே இல்லை.

ஆக நீ மணியை நிறுத்தவில்லை. நான்தான் உன் போனை ஊமையாக்கினேன், பிறகு நீ பேசவில்லை என்று நானே கோபித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. உன் தம்பிக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரியில் அக்கா போன் யாரிடம் இருந்தது என்று கேட்டேன்.

"தலைமாட்டுலேயே வச்சிருந்தாங்கக்கா. கண்ணு கூசுதுன்னு திரையப் பாக்க மாட்டாங்க. மணி அடிச்சா நான் எடுத்து, மேல வர்றதப் படிச்சுக் காட்டுவேன். அந்த ஆப் மட்டும் உள்ள என்னா பாஷையோ இருக்கும், எனக்கு ஒண்ணும் புரியாது. அதனால நானா தொறந்ததில்ல." பிறகு அவனே சொன்னான். "ஆபீஸ்ல இருந்து ஒண்ணும் வரலியாடான்னு கேப்பாங்க. இல்லக்கான்னு சொல்வேன். சரி விடு, அவளுக்கு வேல இருக்கும்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாங்க."

அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சின்னப் பையனில்லை, கல்யாணம் ஆனவன்தான், ஆனாலும் இதை அவன் தலையில் எதற்கு ஏற்றுவது? இது என்னுடையது.

ரொம்ப நாளாகத் திறக்காத கணக்குகளை எல்லாம் எடுத்துவிடச் சொல்லி சார் போன வாரமே கேட்டிருந்தார். அந்த வரிசையில் உன்னுடையதும் இருக்கிறது. இன்று மத்தியானம் அந்த வேலைக்கு உட்கார்ந்தேன். முதலில் காப்பி எடுத்தேன், இப்போதெல்லாம் அது இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. அதற்கப்புறம் உன் வரியைத் திறந்து மணிக் கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அழித்தேன். ஒன்று போடவில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை என்பதால் வெறுமையாகவே விட்டேன். யாரும் பார்க்கப் போவதில்லை, அடுத்த நிமிஷம் அந்த வரியே போய்விடும். இருந்தாலும் நான் உன் வாயில் போட்ட வார்த்தையோடு உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பிறகு எடுத்துவிட்டேன். பிரெஞ்சு வைத்திருப்பவர் மறுபடியும் ஒரே ஒருவர்தான். பெரியவர் இன்னும் இருக்கிறார். கால் கொஞ்சம் முடியவில்லை, ஆனாலும் ஏலம் என்ன ஆச்சு என்று ஆப்பைத் திறக்காமல் இருக்க மாட்டார். அடுத்த கணக்கெடுப்பில் சார் மறுபடியும் ஒருத்தருக்காகவா என்று கேட்பார், எனக்குத் தெரியும்.

என் போனை எடுத்து செட்டிங்கைத் திறந்தேன். மொழி என்ற இடத்தில் பிரெஞ்சை வைத்தேன். திரை முழுக்க எனக்குப் புரியாத எழுத்தாக மாறிவிட்டது. எந்த பட்டன் எங்கே இருக்கும் என்று இடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அத்தனை வார்த்தையும் நீ நாலு சனிக்கிழமை உட்கார்ந்து கேட்டு எழுதினது. யாரும் எனக்காக நிரப்பி வைக்கவில்லை, இது நானாகச் சொன்னது. இனிமேல் என் பேரில் ஒரு தாள் இருக்கும்.

கடைசியில் சேமிக்கிற பட்டனை அழுத்தினேன். திரையில் உன் மெர்சி வந்து நின்றது.

நான் என்னடி பண்ணேன், எனக்குப் போய் நன்றி சொல்ற.